ஈ.எஸ்.ஜி. ஃபண்டில் ஐந்து வருட எஸ்.ஐ.பி.: கிடைத்ததும் கிடைக்காததும்

2020இல் நம் ஊரில் ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) மியூச்சுவல் ஃபண்டுகள் வரிசைகட்டி வந்தன. ஆக்சிஸ் வருடத் தொடக்கத்திலேயே ஒன்றை இறக்கியது. அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஐசிஐசிஐ புரூடென்ஷியல், கோடக், ஆதித்ய பிர்லா, குவாண்ட் என்று ஆளுக்கொன்று. கொரோனா முதல் அலை தணிந்து சந்தை ஏறிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்கத் தேர்தலில் பைடன் ஜெயித்து, பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் வந்த ஃபண்டுகளில் ஒன்றில்தான் நானும் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகை கட்டுவது) போட்டேன், இன்னும் ஓடுகிறது. எந்த ஃபண்ட் என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் தேறுகிற நிறுவனங்களில் மட்டும் பணம் போடுவோம் என்பதுதான் இந்த ஃபண்டுகளின் வாக்குறுதி. காற்றாலை, சோலார், தண்ணீர் சுத்திகரிப்பு என்று நினைத்துக்கொண்டு போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் எச்.டி.எஃப்.சி. பேங்க், ஐசிஐசிஐ பேங்க், இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். இதே பெயர்கள் பெரிய கம்பெனிகளில் போடுகிற எந்த லார்ஜ் கேப் ஃபண்டிலும் மேல்வரிசையில் இருப்பவை. காரணம் இல்லாமல் இல்லை. வங்கிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் புகைபோக்கி கிடையாது, நிர்வாகக் கணக்கும் ஓரளவு ஒழுங்காக இருக்கும், அதனால் மதிப்பெண் நன்றாக விழும். அந்த வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது, அந்தக் கடனில் எத்தனை அனல்மின் நிலையம் ஓடுகிறது என்பதெல்லாம் மதிப்பெண்ணில் பெரிதாக ஏறுவதில்லை. இந்த வகை ஃபண்டின் ஆகப்பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. வருமானக் குறைவு இரண்டாவதுதான்.

அந்த இரண்டாவதையும் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. எண்ணெய், நிலக்கரி, ஆயுதம் மூன்றும் உலகம் முழுக்க ஏறின. என் ஃபண்டில் இந்த மூன்றுமே கிட்டத்தட்ட இல்லை. 2020 கடைசியில் 130 ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடந்த கோல் இந்தியா, 2024 ஆகஸ்டில் 500 ரூபாயைத் தாண்டி நின்றது. எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பாதுகாப்புத் துறைப் பங்குகள் பல மடங்காகின. சிகரெட்டுக்காக ஒதுக்கப்பட்ட ஐ.டி.சி. கூட 2022, 2023இல் நன்றாக ஓடியது. மச்சான் ஒருவர் பொதுத்துறைப் பங்குகளாக வாங்கி வைத்திருந்தார். தீபாவளிக்குப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்பிள்ளை, உங்க ஃபண்ட் இன்னும் மரம் நட்டுட்டு இருக்கா?" என்று ஆரம்பிப்பார். மரம் நட்டிருந்தாலாவது பதில் சொல்லலாம்!

என் கணக்கு நஷ்டத்தில் இல்லை. நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இண்டெக்ஸ் ஃபண்ட் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது, அதற்குக் கட்டணம் சொற்பம். இங்கே மேலாளரின் திறமைக்குச் சேர்த்துக் கட்டுகிறோம். எனவே இதில் போகிறவர்கள் தரகர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானிலாவது போங்கள்.

நல்ல மாற்றமும் வந்தது. 2023 ஜூலையில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஈ.எஸ்.ஜி. என்று பொதுவாகப் பெயர் வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது, எந்த வழியில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது ஃபண்டின் பெயரிலேயே தெரிய வேண்டும் என்றது. அதனால்தான் இப்போது பெயர்களில் 'எக்ஸ்க்ளூஷனரி ஸ்ட்ராடஜி', 'இன்டெக்ரேஷன் ஸ்ட்ராடஜி', 'பெஸ்ட் இன் கிளாஸ்' (அந்தந்தத் துறையில் முன்னிற்பவற்றை எடுப்பது) என்று வால் நீண்டிருக்கிறது. எஸ்.பி.ஐ., கோடக் முதல் வகை: கூடாது என்று சொன்னதைத் தொடாமல் இருப்பது. ஆக்சிஸ், குவாண்ட் இரண்டாவது வகை: மற்ற கணக்குகளோடு இதையும் சேர்த்துப் பார்ப்பது. இன்டெக்ரேஷன் என்று இருந்தால் நிலக்கரி அறவே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி எந்த உத்தரவாதமும் அதில் இல்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது, கம்பெனிகளின் பங்குதாரர் கூட்டத்தில் ஃபண்ட் எப்படி ஓட்டுப் போட்டது, அதற்குச் சுற்றுச்சூழலோ சமூகமோ நிர்வாகமோ காரணமா என்பதை வெளியிடச் சொன்னது. நான் வாசித்த வரையில் எதிர்ப்பு ஓட்டு பெரும்பாலும் இயக்குநர் மறுநியமனம், சம்பள உயர்வு இவற்றுக்குத்தான் விழுகிறது. சுற்றுச்சூழலுக்காக எதிர்த்தது தேடினாலும் அரிது.

அதே விதியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஃபண்டின் பணத்தில் குறைந்தது 65 சதவீதம், நிலைத்தன்மை அறிக்கையின் முக்கிய பகுதிக்கு வெளியாள் சான்று வாங்கிய கம்பெனிகளில் இருக்க வேண்டும். அந்தச் சான்று முதல் வருடம் மிகப்பெரிய 150 கம்பெனிகளுக்குத்தான் கட்டாயமானது. 1,000 கம்பெனிகளுக்கு விரிவது 2026-27இல்தான். நிஜமாகவே புதிதாக ஏதாவது செய்கிற நடுத்தரக் கம்பெனிக்கு இதில் எவ்வளவு இடம் மிஞ்சும்? ஃபண்ட் மறுபடி பெரிய வங்கிகளிடமே போய் நிற்கிறது. 2025 மார்ச்சில் செபியே கொஞ்சம் இறங்கி வந்தது: சான்றுக்குப் பதில் மதிப்பீடு போதும், சப்ளையர்களின் விவரத்தை ஒரு வருடம் தள்ளித் தரலாம் என்று. கம்பெனிகளுக்குச் செலவு குறைந்தது. எனக்குத் தெரியவேண்டியதும் தள்ளிப்போனது.

வெளிநாட்டில் நடந்தது இதைவிடப் பெரிது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து மறுபடி விலகும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே கோல்ட்மேன் சாக்ஸில் தொடங்கி அமெரிக்கப் பெரிய வங்கிகள், கார்பன் வெளியீட்டை நிகரப் பூஜ்யமாக்க உறுதியெடுத்த நெட் ஜீரோ வங்கிக் கூட்டணியை விட்டு வரிசையாக வெளியேறின. 2025 அக்டோபரில் அந்தக் கூட்டணியே கடையைச் சாத்தியது. உலகின் மிகப்பெரிய முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக், சொத்து மேலாளர்களுக்கான இன்னொரு கூட்டணியிலிருந்து விலகியது. அதன் தலைவர் லேரி ஃபிங்க் 2023லேயே ஈ.எஸ்.ஜி. என்ற சொல்லைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னவர். ஐரோப்பாவில் சில ஃபண்ட் நிறுவனங்கள் ஆயுதக் கம்பெனிகள் மீதான தடையைத் தளர்த்தின.

சரி, அமெரிக்காவில் நடக்கிற அரசியலுக்கும் என் எஸ்.ஐ.பி.க்கும் என்ன சம்பந்தம்? வெளிநாட்டு முதலீட்டாளர் கேள்வி கேட்டதால்தான் நம் கம்பெனிகளில் பல கார்பன் கணக்கையே எழுத ஆரம்பித்தன. கேட்பவர் வாயை மூடினால் எழுதுபவருக்கும் அக்கறை குறையும். எஃகு, அலுமினியத்தில் மட்டும் அப்படி விட முடியாது. இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு ஐரோப்பா போடும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஏற்றுமதி செய்பவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஜென்சோல். சோலார், மின்சார டாக்சி என்று பசுமை முகம் கொண்ட கம்பெனி. மின் வாகனம் வாங்க எடுத்த கடனை நிறுவனர்கள் சொந்தச் செலவுக்குத் திருப்பினார்கள் என்று 2025 ஏப்ரலில் செபியின் இடைக்கால உத்தரவு சொன்னது. 2024இல் 1,000 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு 100 ரூபாயையும் உடைத்துக் கீழே போனது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் 'பசுமைப் பங்கு' என்று நேரடியாக வாங்கி மாட்டிக்கொண்டார். என் ஃபண்டில் அது கிடையாது. அதைப் பார்த்த பிறகு, நான் கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் மூன்றாவது எழுத்தான நிர்வாகத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த அளவில் விலை பரவாயில்லை.

இந்தியாவில் ஈ.எஸ்.ஜி. ஃபண்டுகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 10,000 கோடி ரூபாயை ஒட்டித்தான் வரும். மியூச்சுவல் ஃபண்ட் துறை மொத்தம் 2025இல் 70 லட்சம் கோடியைத் தாண்டியது. இவ்வளவு சின்ன வகையில் ஃபண்ட்கள் இணைக்கப்படவோ மூடப்படவோ வாய்ப்பு உண்டு, அதனால் மொத்தப் பணத்தையும் இதில் வைக்காதீர்கள். நான் தொகையை ஏற்றவில்லை. சம்பளம் கூடியபோது கூடுதல் பணம் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போனது. பழைய யூனிட்களை விற்காததற்குக் காரணம் கொள்கைப் பிடிப்பு மட்டுமில்லை. 2024 ஜூலைக்குப் பிறகு நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேல் போனால் 12.5 சதவீதம் வரி. விற்பதானால் இரண்டு மூன்று நிதியாண்டுகளாகப் பிரித்துத்தான் விற்பேன். ஓட்டு அறிக்கையில் ஒரு நிலக்கரி, ஒரு சிமெண்ட் கம்பெனிக்காவது சுற்றுச்சூழல் காரணம் காட்டி எதிர்ப்பு விழுகிறதா என்று அடுத்த வருடமும் பார்ப்பேன். விழவில்லையென்றால் முதல் தவணை விற்பனை அந்த மார்ச்சில்.