காலேஜ் கவுன்சிலிங்குக்கு 6,900 டாலர் கொடுத்த கதை: ஜூனியர் பிள்ளைகளின் பெற்றோருக்கு

டாலஸ் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோர், அதிலும் பிள்ளை இந்த ஆண்டு பதினோராம் வகுப்பில், அதாவது ஜூனியர் இயரில் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு 6,900 டாலர் போனது. என் மகளுக்குச் சட்டமே கொடுத்திருந்த ஒன்றை எங்களிடமே விற்று அந்தப் பணத்தை வாங்கினார்கள்.

2024 செப்டம்பர். தமிழ்ப் பள்ளி வாட்ஸப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷனுக்கு வழிகாட்டும் ஒரு தனியார் கம்பெனியின் இலவசக் கருத்தரங்கு, நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. சமோசா, காபி உண்டு. நாங்கள் போனபோது நூறு பேராவது இருந்திருப்பார்கள், பாதிப் பேர் தெரிந்த முகங்கள். மேடையில் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். முதல் அரை மணி நேரம் முழுக்கப் பயம்தான். எந்தக் கல்லூரியில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஆசியப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், கணக்கு, கம்ப்யூட்டர், ஒரு வயலின் என்று. எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரிக்கவில்லை. அவள் வாசிப்பது வயலின்தான்.

கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனி மேசைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு வாய்த்த பெண்மணி மகளின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் ஏன் மேடம் வரல? ஜூனியர் இயர் ஏற்கெனவே ஒரு மாசம் போயிடுச்சே" என்றார். பிள்ளையை ஏதோ காய்ச்சலோடு விட்டுவிட்ட மாதிரி எனக்குக் குற்ற உணர்ச்சி. முழுத் தொகுப்பு 8,400 டாலர், அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 1,500 தள்ளுபடி. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார் என் கணவர். அப்போதுதான் அந்தப் பெண்மணி ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டெக்சஸின் முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்களில் குறைந்தது ஒன்றில் சேர்க்கை உறுதி, கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ். சரி, பணம் எங்கும் போகாது என்று நினைத்து கிரெடிட் கார்டை நீட்டினோம். தலா 2,300 டாலர், மூன்று தவணை.

அந்த உறுதிமொழியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்றும் எரிவது அதுதான். டெக்சஸில் 1997 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் தன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு, தேவையான பாடத்திட்டத்தையும் முடித்து நேரத்தில் விண்ணப்பித்தால், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். நாம் யூ.டி. என்று சொல்லும் ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கூட்டம் தாங்காமல் 2009-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநில மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதம்வரை இப்படி நிரப்பினால் போதும். அதனால் அங்கே எல்லை சில ஆண்டுகளாக 6 சதவீதம், 2026 சேர்க்கையிலிருந்து 5. என் மகள் சுமார் 700 பேர் படிக்கும் வகுப்பில் இருபத்தைந்தாவது ரேங்க். கணக்குப் போட்டுப் பாருங்கள், 4 சதவீதம்கூட இல்லை. அந்த மேசைக்கு முன்னால் உட்காரும்போதே அவளுக்கு அந்த இடம் இருந்தது. அந்தப் பெண்மணி முதலில் கேட்டதே ரேங்க் என்ன என்றுதான். ரேங்க் பின்தங்கிய குடும்பங்களுக்கு அந்த மூன்றாம் பக்கமே கிடையாது என்று பிறகு இன்னொரு தோழி சொல்லித்தான் தெரிந்தது.

அவர்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குள்தான் விடும், கேட்ட பிரிவில் விடாது. கம்ப்யூட்டர் சயின்ஸும் இன்ஜினியரிங்கும் தனிப் போட்டி. நம் ஊர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது அவை இரண்டைத்தான். ஒப்பந்தத்தில் பிரிவு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. ஆலோசகர் மூன்று முறை மாறினார். மேடையில் "முன்னாள் அட்மிஷன் அதிகாரி" என்று அறிமுகப்படுத்தியவரை ஒரே ஒரு ஜூம் அழைப்பில் இருபது நிமிடம் பார்த்தோம். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பயிற்சி என்று தந்த தாள்களை எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் நீளத்துக்குப் பத்தி, அதன் கீழே பத்துக் கேள்வி. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் எஸ்.ஏ.டி. முழுக்கக் கணினியில். இரண்டே கால் மணி நேரம்கூட முழுதாக இல்லை, சின்னப் பத்திக்கு ஒரே ஒரு கேள்வி. பழைய தேர்வின் தாள்களை நகலெடுத்து எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். தேர்வு நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசம், கான் அகாடமியிலும் இலவசம். என் மகள் கடைசியில் அவற்றை வைத்துத்தான் படித்தாள்.

இதையெல்லாம் விட மோசம், பள்ளிப் பட்டத்துக்கே வரவிருந்த சிக்கல். டெக்சஸில் நம் பிள்ளைகள் பொதுவாகப் போகும் திட்டத்துக்கு 26 கிரெடிட் வேண்டும், அதில் நுண்கலை ஒரு கிரெடிட் கட்டாயம். மகள் அதுவரை பள்ளியில் எந்தக் கலைப் பாடமும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சரிடம்தான் வயலின். "வெளியில படிக்கிற மியூசிக்கே கணக்குல வந்துடும், அந்த இடத்துல இன்னொரு ஏபி போடலாம்" என்றார் இரண்டாவது ஆலோசகர். ஏபி என்றால் பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம். நாங்களும் நம்பினோம். பிப்ரவரியில், அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், பள்ளிக் கவுன்சிலர் மகளை அழைத்தார். அவர் பொறுப்பில் நானூறுக்கு மேல் பிள்ளைகள். கவுன்சிலர்கள் சங்கம் பரிந்துரைப்பது ஒருவருக்கு 250. அத்தனை பேருக்கு நடுவிலும் திரையைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். வெளியில் கற்கும் கலை கணக்கில் வர வேண்டுமென்றால் பள்ளி மாவட்டத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், நாங்கள் வாங்கவில்லை. கோடை விடுமுறையில் ஆன்லைனில் ஒரு கலைப் பாடம் எடுத்துச் சமாளித்தோம். அந்தக் கவுன்சிலருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு டப்பா அதிரசம். (நன்றாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

கட்டுரை விஷயம் ஜூலையில். பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். முக்கியக் கட்டுரை 650 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். "டிராஃப்ட் நாங்க அனுப்புறோம், நீங்க டச் பண்ணுங்க" என்றார்கள். வந்த கட்டுரையில் கிராமத்து மண் அடுப்பு, அதன் பக்கத்தில் அம்மியில் மசாலா அரைக்கும் பாட்டி, அந்த வாசனையில் பேத்தி கண்டடைந்த அடையாளம். என் அம்மா திருச்சியில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பார்ப் பொடியைக் கடையில்தான் வாங்குவார், அதையும் அப்பாவை அனுப்பி. நாங்கள் சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பள்ளித் தோழி ஒருத்தி தன் கட்டுரையை மகளுக்குக் காட்டியிருக்கிறாள். அதே பாட்டி, அதே அம்மி. அந்தப் பெண் தெலுங்கு என்பதால் மசாலா மட்டும் கோங்குராவாக மாறியிருந்தது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போது இது என் சொந்த எழுத்து என்று பிள்ளைதான் கையெழுத்திடுகிறது. மாட்டினால் போவது பிள்ளையின் இடம், அவர்களுடைய கம்பெனி அல்ல.

ஃபாஃப்சா விஷயத்தில் எங்களைவிட என் தோழி அதிகம் ஏமாந்தாள். கல்லூரி நிதி உதவிக்கான இந்த மத்திய அரசு விண்ணப்பத்தின் பெயரிலேயே இலவசம் என்று இருக்கிறது. இவர்கள் அதை நிரப்பித் தர 450 டாலர் வாங்கினார்கள். "இத போடலைன்னா டெக்சஸ்ல பையனுக்குப் பட்டமே தர மாட்டாங்க" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இது பாதி உண்மை. 2021-22 முதல் பட்டம் பெறும் மாணவர் நிதி உதவி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்திட்டுப் பள்ளியில் கொடுத்தால் அத்தோடு முடிந்தது. அவள் மகன் ஆறு வயதில், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தவன், இன்னும் அதே விசா. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவி கிடையவே கிடையாது. இங்கே பிறந்த பிள்ளை என்றால் அப்பா அம்மா எச்-1பி-யில் இருந்தாலும் போடலாம், அது வேறு. விசா என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் இது. கேட்கவில்லை.

நடுவில் "எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு" என்றும் ஒருமுறை ஜாடையாகச் சொன்னார்கள். 2019-இல் வெடித்த ரிக் சிங்கர் வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கவாட்டுக் கதவு என்று சொல்லி, பிள்ளைகளுக்குக் குறுக்கு வழியில் கல்லூரி இடம் பிடித்துத் தரப் பணக்காரப் பெற்றோரிடம் பணம் வாங்கிய ஆள், 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள். எனவே இந்த ஜாடையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் தனியார் ஆலோசகர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுடைய சங்கங்களின் ஒழுக்க விதியே, சேர்க்கைக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்பது. உத்தரவாதம் என்று அச்சடித்த அந்த மூன்றாம் பக்கத்தைப் பார்த்ததுமே நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். நாங்களோ அதைப் பார்த்துத்தான் கார்டை நீட்டினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "மேடம், அட்மிஷன் கிடைக்காட்டாதானே ரீஃபண்ட்? உங்க பொண்ணுக்குக் கிடைச்சுடுமே" என்றார்கள், சிரித்துக்கொண்டே. ஃபெடரல் டிரேட் கமிஷன் தளத்திலும் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஒரு தவணை, 2,300 டாலர், திரும்பி வந்தது. மீதி வராது என்றே நினைக்கிறேன்.

பெயரை ஏன் போடவில்லை என்று சிலர் கேட்பீர்கள். நோட்டீஸில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் ஒரு பெயர், கார்டு பில்லில் மூன்றாவது ஒரு பெயர். எதைப் போட?

போன வாரம் அதே வாட்ஸப் குழுவில் புது நோட்டீஸ் வந்தது. நான்காவதாக ஒரு பெயர், ஆனால் அதே படம், அதே ஓட்டல். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்திட்ட யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. விற்பவர் தன் கடையில் இல்லாமல் ஓட்டல், மண்டபம் போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலருக்கு மேல் எதையாவது விற்றால், மூன்று வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்பது மத்திய அரசு விதி. ரத்துப் படிவம் இரண்டு பிரதி அவர்களே தந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தரவில்லை, எட்டு மாதம் கழித்துத்தான் இப்படி ஒரு விதி இருப்பதே தெரிந்தது. படிவம் இல்லாவிட்டால் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். ஞாயிறு கணக்கில் வராது, அதனால் சனிக்கிழமை கையெழுத்துக்குப் புதன் நள்ளிரவு வரை அவகாசம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. புதன்கிழமை தபால் அலுவலகம் மூடும் நேரத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.