சிஎல்ஏ மாத்திரையா, மீன் எண்ணெய் மாத்திரையா?

சிஎல்ஏ (கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம்), மீன் எண்ணெய் இரண்டும் கொழுப்பு அமிலங்களே என்பதால், இவற்றுள் எதை வாங்கினாலும் தொப்பை கரையும் என்று நம்புவோர் பலர்.

எடை: பெரும்பாலும் குசும்பா எண்ணெயிலிருந்து தயாராகும் சிஎல்ஏவை நாளொன்றுக்கு 3.2 கிராம் அளவில் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வாரத்துக்குச் சுமார் 90 கிராம் கொழுப்பு கூடுதலாகக் குறைந்ததாக 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. அதாவது, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம். மீன் எண்ணெயால் எடை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இரத்தம்: மீன் எண்ணெய் உரிய அளவில், இரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடைக் குறைக்கிறது. சிஎல்ஏவின் ஒரு வகையோ, பருமனான ஆண்களிடம் இன்சுலின் எதிர்ப்பை, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையைக் கூட்டியிருக்கிறது.

தொந்தரவு: சிஎல்ஏவில் வயிற்றுப்போக்கு, மீன் எண்ணெயில் மீன்வாடை ஏப்பம்.

விலை: மீன் எண்ணெய்ப் புட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், முன்னால் 1000 மில்லிகிராம் என்றிருந்தாலும், பல மாத்திரைகளில் பயன்தரும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இபிஏ 180, டிஎச்ஏ 120 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். இவை இயல்பாகவே உள்ள மத்தி மீன் கிடைக்கும் ஊரில் இது வீண்செலவு என்பேன்.

ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் மீன் எண்ணெயை எடுக்கலாம். உணவையும் உடற்பயிற்சியையும் ஏற்கெனவே ஒழுங்குபடுத்திய, சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இல்லாதவர்கள் வேண்டுமானால் சிஎல்ஏவைச் சில மாதம் முயன்று பார்க்கலாம்.