கிம்ப்பில் லேயரைத் திருப்புவது: வேலை சுத்தம், மெனுதான் குழப்பம்

படம் வரைய நான் கிம்ப் என்ற கணினி மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசம் என்பது ஒரு காரணம், லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் போன்ற அடுக்கை, இடவலமாகத் திருப்பும் வசதி இன்னொன்று. பூச்சி, பறவை, முகம் என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற உருவங்களை வரைபவர்களுக்கு இது பாதி வேலையை மிச்சம் பிடிக்கும்.

வண்ணத்துப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது சிறகை மட்டும் நிதானமாக வரைவேன். ஷிஃப்ட், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லேயருக்கு ஒரு நகல் கிடைக்கும். அப்புறம் லேயர் மெனு, டிரான்ஸ்ஃபார்ம், ஃப்ளிப் ஹாரிசான்டலி. வலது சிறகு தயார். அது எங்கே போய் உட்காரும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கிம்ப், லேயரின் நட்டநடுவை அச்சாக வைத்துத் திருப்புகிறது. லேயர் படத்தின் முழு அளவுக்கு இருந்தால் சிறகு எதிர்ப்பக்கத்தில் கச்சிதமாகப் போய் அமரும். சிறகை ஒட்டி வெட்டிய சின்ன லேயர் என்றால் இருந்த இடத்திலேயே திரும்பி, பழைய சிறகின் மேலேயே படுத்துக்கொள்ளும். பிறகு கையால்தான் நகர்த்த வேண்டும். அதனால் லேயரைச் சுற்றி ஓடும் விளிம்புக்கோட்டை முதலில் பார்த்துவிடுவேன்.

தரத்தில் குறை சொல்ல இடமில்லை. பிக்சல்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். எத்தனை முறை திருப்பினாலும் கோடு மங்காது. அதே லேயரைப் பத்து டிகிரி சாய்த்துப் பாருங்கள், ஓரங்கள் லேசாகக் குழைந்திருக்கும்.

டூல்பாக்ஸிலும் ஃப்ளிப் டூல் உண்டு. ஷிஃப்ட்டும் எஃப்பும் அதன் ஷார்ட்கட். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் இடவலத்துக்குப் பதில் மேல்கீழாகத் திரும்பும். ஏதாவது செலக்‌ஷன் இருந்தால் அந்தப் பகுதி மட்டும் பெயர்ந்து மிதக்கும், அதைத் தனியாக ஒட்டவைக்க வேண்டும்.

எரிச்சல் எங்கே என்றால் மெனுவில். ஃப்ளிப் ஹாரிசான்டலி என்ற அதே பெயர் இமேஜ் மெனுவிலும் இருக்கிறது, வியூ மெனுவிலும் இருக்கிறது. இமேஜில் இருப்பது எல்லா லேயர்களையும் சேர்த்துப் புரட்டும். வியூவில் இருப்பது படத்தைத் தொடவே தொடாது, திரையில் மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலக் காட்டும். 2018இல் வந்த 2.10 பதிப்பில் சேர்ந்த வசதி இது. முகம் வரையும்போது ஒரு கண் ஏறியிருக்கிறதா, தாடை கோணியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாக வருபவர் என்னதான் செய்வார்?

எழுத்து லேயரைத் திருப்புவதாக இருந்தால் வாசகத்தை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். திருப்பிய பிறகு எழுத்தைத் திருத்தப் போனால், செய்த மாற்றம் போய்விடும் என்று கிம்ப் எச்சரிக்கும்.

பல லேயர்களைச் சேர்த்துத் திருப்ப 2.10இல் சங்கிலிக் குறியைப் போட்டு இணைக்க வேண்டியிருந்தது. 2025இல் வந்த 3.0இல் அந்தச் சங்கிலி இல்லை. வேண்டிய லேயர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திருப்பினால் போதும். இன்னும் பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் இதற்காகவே மாறலாம்.