யாழ்ப்பாணத்திலிருந்து ஓடுவதா, கிளிநொச்சியில் வாடகைக்கா, மாமி வீடா?

கிளிநொச்சியில் அரச வேலை கிடைத்து வருகிற எவரிடமும் முதல் கிழமையே ஒரு கேள்வி கேட்பார்கள்: "எங்கை இருந்து வாறியள்?" இது ஊர் விசாரிக்கிற கேள்வி இல்லை. தினமும் வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் ஓடுகிறீர்களா, வாடகைக்கு இருக்கிறீர்களா, இங்கேயே வீடு வளவு இருக்கிறதா என்பதுதான் அதன் பொருள். நாலு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் இருப்பார், யார் பஸ்ஸைப் பார்த்து ஓடுவார் என்று அந்தப் பதிலை வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நான் மூன்று பதிலையும் சொல்லியிருக்கிறேன். 2015 இலிருந்து மூன்றரை வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடினேன். 2018 கடைசியில் கணவருக்கும் விசுவமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வர, கிளிநொச்சி நகரில் வாடகைக்கு வந்தோம். 2022 நடுப்பகுதியிலிருந்து வட்டக்கச்சியில் மாமி வீடு. எனக்கு ஒரு மகன், ஒரு கந்தோர், ஒரு வயலின். வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காம் தரம் வரை சோதினை எழுதியவள் என்பதால் வயலினை விட்டுவிட மனம் வரவில்லை.

இதை ஒப்பிடுகிறவர்கள் தூரத்தையும் காசையும்தான் முதலில் பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது வேறு இரண்டு அளவுகோல். பள்ளிக்கூடம் 1.30 க்கு விடுகிறது, கந்தோர் 4.15 க்கு முடிகிறது; அந்த இடைவெளியில் பிள்ளை யார் கையில்? மற்றது, நாளில் ஒரு அரை மணித்தியாலமாவது ஒருவரும் கூப்பிடாமல் எனக்கென்று மிஞ்சுகிறதா?

ஓடுவது

ஏ9 வழியாகக் கிட்டத்தட்ட 65 கிலோமீற்றர். கேட்கச் சின்னத் தூரம்தான். ஆனால் நாலேகாலுக்கு எழும்பிப் புட்டு அவித்து, மூன்று சாப்பாட்டுப் பெட்டி கட்டி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன் என்று ஒவ்வொரு தரிப்பிலும் ஆள் ஏற்றி இறக்கிப் போய் 8.30 க்கு முன் கைரேகை வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அந்த மெசினுக்கு இரக்கமில்லை. மாலையில் வீட்டுப் படலை திறக்கும்போது ஏழு மணி ஆகிவிடும்.

ரயில் இருக்கிறதே என்பார்கள். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப வந்தபோது எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டவள்தான். ஆனால் கொழும்பு ரயில் கொழும்புக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு ஓடுவது. என் 8.30 க்கு அது உதவவில்லை.

மகன் 2016 இல் பிறந்தான். அரச சேவையில் பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்தில் 84 நாள், பிறகு அரைச் சம்பளத்தில் 84, அதற்குப் பிறகு சம்பளமில்லாமல் 84. நான் அரைச் சம்பளம் முடியுமட்டும் நின்றேன். அதற்கு மேல் நிற்க வீட்டுக் கணக்கு விடவில்லை. அதன்பிறகு அவனை வளர்த்தது என் அம்மா. முதல் அளவுகோலில் குறை சொல்ல இடமே இல்லை. காய்ச்சல் வந்தால் அவன் அழுதழுது தேடியது அம்மம்மாவின் சீலைத் தலைப்பை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

ஓடுகிறவர்கள் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. அந்த பஸ் எனக்குப் பிடித்திருந்தது. யன்னல் சீற் கிடைத்தால் காதில் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு ஒரு ராக ஆலாபனையை ஆனையிறவு வரை கேட்கலாம். நீரேரிக்கு மேலே சூரியன் ஏறும் நேரம் அது. என் இடக்கை விரல்கள் சாப்பாட்டுப் பையின் பிடியில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் சோறு கேட்க, கையெழுத்துக் கேட்க, சட்டைத் தெறி தைக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. கேள்வி ஞானம் அந்த மூன்றரை வருடத்தில் வளர்ந்தது மாதிரி எப்போதும் வளரவில்லை. வயலின் மட்டும் கட்டிலுக்குக் கீழே. பெட்டியைத் திறந்தது வருடத்துக்கு ஒரு தடவை, சரஸ்வதி பூசைக்கு.

இதிலேயே இன்னொரு வகை, பிள்ளையை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத் திங்கள் முதல் வெள்ளி வரை கிளிநொச்சியில் அறை எடுத்து இருப்பது. அதை நான் ஒப்பிடப்போவதில்லை. அது ஒருவரும் தெரிவு செய்கிற வழி இல்லை, வேறு வழியில்லாமல் போகிற வழி.

வாடகை

வந்து மூன்றாம் கிழமையே சோதனை. 2018 டிசம்பர் 21, 22 மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, மாவட்டத்தில் பாதி தண்ணீருக்குள். எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடங்களில் சனத்தைத் தங்கவைத்து, பதிவெடுத்து, சமைத்த சாப்பாடு கொடுக்கிற வேலை எங்கள் தலையில். இரவு பத்து மணிக்கு நடந்தே வீட்டுக்கு வந்து, மகனைப் பார்த்துவிட்டு, விடியப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடியிருந்தால் அந்தக் கிழமை பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். வாடகை என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கிழமைக்குப் பிறகு அதைப் பற்றி நான் முணுமுணுத்தது குறைவு.

இடறினது அந்த இடைவெளியில்தான். மகன் முன்பள்ளி முடிந்து போகிற பகல் பராமரிப்பு நிலையம் நாலு மணிக்குப் பூட்டும். என் கந்தோர் 4.15 க்கு முடியும். இந்தக் கால் மணித்தியாலம் என் நான்கு வருடத்தைத் தின்றது என்றால் நம்பமாட்டீர்கள். முதல் மாதம் குறுகிய லீவில் ஓடினேன்; லீவு தீர்ந்தது. பிறகு நான் போகும்போது அந்த நிலையத்து அக்கா கைப்பையைத் தோளில் கொழுவியபடி வாசலில் நிற்பா. பேசமாட்டா. பேசியிருந்தால் பரவாயில்லை.

கடைசியில் வழி விட்டது பக்கத்துத் தையல் கடை. "இவன் இதிலை இருக்கட்டும், நீ ஆறுதலா வா பிள்ளை" என்று கடைக்கார அம்மா ஒருநாள் தானாகச் சொன்னா. அன்றிலிருந்து மாலை நாலு தொடக்கம் நாலரை வரை என் மகன் தையல் மெசினுக்குக் கீழே. விழுந்த தெறிகளைப் பொறுக்கி ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் நிறம் பிரித்துப் போடுவான். எண்ணப் பழகியது அதில்தான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்குச் சீலை கொடுத்தேன், வாங்கினா. வாடகை வழியை யாருக்காவது சிபாரிசு செய்வதென்றால், வீட்டைப் பார்க்க முதல் இப்படி ஒரு கடையைப் பார்த்து வையுங்கள் என்பேன்.

இரண்டாவது அளவுகோலில் வாடகை வீடு வென்றிருக்க வேண்டியது. நாலரைக்கு வீடு, இருட்ட இன்னும் இரண்டு மணித்தியாலம். கரடிப்போக்குப் பக்கம் மகனோடு காலாற நடக்கலாம், வந்து வயலினை எடுக்கலாம். எடுத்தேன். ஆனால் அது ஒரு வீட்டின் பாதி. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் மகள் ஏ.எல் படித்துக்கொண்டிருந்தாள். "சோதினை முடியட்டும் பிள்ளை" என்றார்கள். முடிந்தது, இரண்டாம் தரம் எடுத்தாள், அது முடிய அவளின் தம்பி தொடங்கினான். நான் வயலினில் தந்திகளைத் தாங்குகிற குதிரையில் ஒரு உடுப்புக் கிளிப்பைக் கவ்வவிட்டு வாசிக்கப் பழகினேன். சத்தம் நன்றாக அடங்கும். நுளம்பு கல்யாணி பாடுகிற மாதிரி இருக்கும். நேரம் இருந்தும் நாதம் இல்லாத நாலு வருடம்.

வாடகை வீட்டை முடித்து வைத்தது 2022. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல். கணவர் விசுவமடுவுக்குப் போய்வர நாள் ஒன்றுக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் குறையாது, ஐந்து நாளுக்கு இருநூறு. நாலு லீற்றரில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் நூற்றெண்பது ஓடினால் அதிசயம். அந்த வருடம் ஜூனில் அரச ஊழியருக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமைகளில் லீவு விட்டார்கள், போய் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று. எங்களிடம் இருந்த தோட்டம் இரண்டு வாளிக்குள் நாலு மிளகாய்க் கன்று. மாமியின் வளவிலோ கிணறு, தென்னை, முருங்கை, வாய்க்கால் தண்ணி. முதல் வெள்ளி அங்கே கத்தரி நடப் போனோம். நாலாம் வெள்ளி உடுப்புப் பெட்டியோடு போனோம்.

மாமி வீடு

பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மகன் ஒன்றேமுக்காலுக்கு வருவான். மாமி படலையில் நிற்பா. சுடச்சுடச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், மீன் கிடைத்த நாளில் ஒரு பொரியல். முதல் அளவுகோலில் இதோடு போட்டிக்கு எதுவும் நிற்காது.

விலை வேறு வகையில் வருகிறது. கந்தோரிலிருந்து ஸ்கூட்டியில் வருவதென்றால், தை மாசியில் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருக்கும், மற்றப் பாதியில் மாடு வரும். ஐந்து பத்துக்கு உள்ளே நுழைந்தால் மாமி, "இண்டைக்குக் கந்தோரிலை வேலை கூடவோ பிள்ளை?" என்பா. அக்கறையாகவும் கேட்கலாம், வேறு மாதிரியும் கேட்கலாம். மூன்று வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. காலபோக அறுவடைக்கு மெசின் வந்தால் ஆட்களுக்குத் தேத்தண்ணி வைக்க நான் லீவு. செத்தவீடு, அந்தியேட்டி, சாமத்தியவீடு எதையும் தவறவிட முடியாது. நகரில் வாடகைக்கு இருந்தபோது எங்களை ஒருவரும் அழைக்கவில்லை என்று கவலைப்பட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வயலினுக்கு இங்கே தடை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏ.எல் பிள்ளை கிடையாது, வாழைதான். ஆனால் வாசித்தால் ஊரே கேட்கும். மாமி குசினியிலிருந்து, "உந்த இழுவையை விட்டிட்டு முருகன் பாட்டொண்டு வாசியன்" என்பா. ஆவணி வெக்கையில் மரம் காய்ந்து, தந்தியை முறுக்குகிற பிரடை நிற்காது. சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கி விழும். பிரடையைக் கழற்றிச் சோக்குத் தூள் பூசித் திரும்பச் செருகுவேன். மாரியில் அதே பிரடை ஈரத்தில் ஊதித் திருகவே முடியாது. ஒருநாள் இதைச் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பார்த்தது. அடுத்த கிழமை தங்கச்சியையும் கூட்டிவந்தது. இப்போது சனிக்கிழமை காலையில் நாலு பிள்ளைகள் திண்ணையில் ஸரிகம இழுக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் என் அரை மணித்தியாலம் வகுப்பாகிவிட்டது.

என் கணக்கு

பிள்ளை சின்னது, வீட்டில் பெரியவர்கள் இல்லை என்றால் வாடகை. கந்தோருக்கு நடக்கிற தூரத்தில், காசு கொஞ்சம் கூடினாலும். பெரியவர் ஒருவர் விருப்பத்தோடு பார்ப்பார் என்றால் ஊர் வீடு. விருப்பத்தோடு என்பதை அடிக்கோடிடுகிறேன். வீட்டில் இருக்கிறார் என்பது வேறு, பார்ப்பார் என்பது வேறு. புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி போன கிழமை என்னிடம், "எங்கை இருந்தால் நல்லது அக்கா?" என்று கேட்டாள். "மாமி எப்பிடி?" என்றேன். பகிடி என்று நினைத்தாள்.

ஓடுவதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன், அந்த பஸ்ஸை இன்றைக்கும் நினைத்துக்கொண்டாலும்.

இன்னொன்று. மூன்று வழியிலும் என் அலாரம் மாறியது: நாலேகால், ஐந்தரை, ஐந்து. கணவர் மூன்று வழியிலும் ஐந்தே முக்காலுக்குத்தான் எழும்பினார். நல்ல மனுசன், பெற்றோல் இல்லாத மாதத்தில் இரண்டு நாள் விசுவமடுவுக்குச் சைக்கிள் மிதித்தவர். ஆனால் ஒப்பீடு என்று எழுதத் தொடங்கினால் இதையும் எழுதத்தான் வேண்டும். இதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "அப்ப நாளையிலை இருந்து தேங்காய் நான் திருவுறன்" என்றார். மூன்று நாள் திருவினார்.

மகனுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் சோதினை. அதோடு "ரவுண் பள்ளிக்கூடம்" என்ற கதை வீட்டில் தொடங்கிவிட்டது. கணவர் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றப் படிவம் எடுத்துவந்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். அது கிடைத்தால் மகனும் அவரும் அங்கே, நான் மறுபடியும் ஆறு மணி பஸ்ஸில். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. மாதத்தில் ஒருநாள் அவவுக்குச் சீனி வருத்தக் கிளினிக். நான் அரை நாள் லீவு போட்டு ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். அந்த நாளில் சொல்வதில்லை என்பது மட்டும் இப்போதைக்கு முடிவு.