யாங்கோன் தமிழ்ச் சபையின் இணைய நூலகம்: தேடல் இப்போது எப்படி?

யாங்கோனில் உள்ள எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை தன் இணைய நூலகத்தின் தேடலைச் சீரமைத்திருக்கிறது. பழைய நிலையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். முன்பு 'தோத்திரம்' என்று தட்டினால், 'ஸ்தோத்திரம்' என்று பதிவான பாடல்களில் ஒன்றும் அகப்படாது. இப்போது இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே பட்டியலைத் தருகின்றன. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை முதலடி, ராகம் ஆகிய இரு வழிகளிலும் தேட முடிவது, ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மிகுந்த உதவி. பிரசங்கங்களை வேதாகமப் புத்தகம், அதிகாரம் என்ற வரிசையில் அடுக்கியிருப்பதும் நன்று.

பர்மியப் பகுதிதான் இன்னும் தொல்லை தருகிறது. மியான்மர் 2019 அக்டோபரில் யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாறும்வரை பலரும் அதனோடு பொருந்தாத ஸாவ்ஜி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்துத் தலைப்புகளை மாற்றாமலே விட்டிருப்பதால், யூனிகோடு விசைப்பலகையில் தேடுகிறவருக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. பர்மிய நூல் வேண்டுவோர் இப்போதைக்கு நூலகப் பொறுப்பாளரிடம் நேரில் கேட்டுவிடுவதே மேல்.

கைப்பேசியில் ஒரு பாட்டைத் திறந்துவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால், பட்டியலுக்குத் திரும்பாமல் முகப்புக்கே தள்ளிவிடுகிறது. இணைய வேகம் குறைந்த மாலை நேரங்களில் இது பொறுமையை மிகவும் சோதிக்கிறது.