பழைய லேத்துக்கு பதிலா ஹாரிசன் எம்300: எட்டு மாசம் ஓட்டிப் பாத்ததுல

எங்க பட்டறைல இரும்பு கடையற லேத் ஒரு வழியா ரிட்டயர் ஆயிடுச்சு. ஜாப புடிக்கிற சக்கு பக்கத்துல, சேடில் (டூல சுமக்குற பாகம்) ஓடுற பெட்டு அவ்ளோ தேய்மானம், 150 மில்லி நீளம் கடைஞ்சா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 0.08 மில்லி வித்தியாசம் வந்துச்சு, பேரிங் சீட்டிங்க எல்லாம் எமரி போட்டு தேச்சு தேச்சுதான் சைஸுக்கு கொண்டு வந்துட்டு இருந்தோம்.

மாத்தணும்னு முடிவு பண்ணதும் ஆளாளுக்கு "பெருசா வாங்கு"ன்னாங்க. நான் பழைய ஜாப் நோட்ட எடுத்து உக்காந்துட்டேன். புஷ், பின், ஷாஃப்ட், த்ரெட், முக்காவாசி 200 மில்லி விட்டத்துக்குள்ள, நீளமும் அரை மீட்டர தாண்டல. எப்பவோ ஒரு ஃப்ளைவீல் வருதுன்னு பெரிய மெஷின் வாங்குறது, கல்யாணத்துக்கு வர்ற கூட்டத்த நெனச்சு வீடு கட்டுற மாதிரி.

முதல்ல ஒரு புது கேப் பெட் லேத் (பெரிய விட்டம் சுத்த, சக்கு கிட்ட பெட்டுல ஒரு துண்ட கழட்டிக்கலாம்) பாத்தோம், கம்பெனி பேரு வேணாம். பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, டாப் ஸ்பீடுல போட்டதும் கியர் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவர் பேசுறது கேக்கல. கேப் பீஸ கழட்டி திரும்ப மாட்டினா பழைய மட்டத்துக்கு அப்படியே உக்காரும்னு நம்பவும் முடியாது. கழட்டிட்டு ஓட்டினா சக்கு கிட்ட வரும்போது சேடிலுக்கு அடில தாங்க பெட்டு இல்ல. எங்களுக்கு தேவைப்படாத ஒரு வசதிக்கு இவ்ளோ சமாதானம் எதுக்கு?

அப்புறம்தான் இந்த செகண்ட் ஹேண்ட் ஹாரிசன் எம்300 கெடச்சுது. 330 மில்லி ஸ்விங் (பெட்டுக்கு மேல சுத்த விடக்கூடிய அதிகபட்ச விட்டம்), 12 ஸ்பீடு, 40ல இருந்து 2500 ஆர்பிஎம் வரைக்கும், சக்க சுத்துற ஸ்பிண்டிலோட மூக்கு டி1-4 கேம்லாக் (கேம திருப்பி சக்க பூட்டுற வகை). பெட்டு ஹார்டன் பண்ணி கிரைண்ட் பண்ணது. இதெல்லாம் கேட்லாக்ல இருக்குற விஷயம், பழைய மெஷின்னா நேர்ல போய் தொட்டுப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது.

போகும்போது டயல் இண்டிகேட்டரும் ஒரு 40 மில்லி ராடும் எடுத்துட்டுப் போனேன். சேடில் லாக்க சக்கு கிட்ட லேசா இறுக்கி வச்சிட்டு அப்படியே மறுமுனைல இருக்குற டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்க, தேஞ்ச பெட்டுன்னா அங்க போகப் போக டைட் ஆயி சில சமயம் நின்னே போயிடும், ஏன்னா அந்தப் பக்கம் பெட்டு யாரும் தொடாம புதுசாவே இருக்கும். இதுல லேசா ஒரு இறுக்கம், அவ்ளோதான். சக்குக்கு அடில கட்டைய குடுத்து தூக்கி ஸ்பிண்டில் ஆட்டம் பாத்தேன், அரை மணி நேரம் ஓட விட்டு ஸ்பிண்டில் இருக்குற ஹெட்ஸ்டாக்க கையால தொட்டுப் பாத்தேன், பேரிங் பக்கம் வெதுவெதுப்புதான், கொதிப்பு இல்ல. கிராஸ் ஸ்லைடுல பேக்லாஷ் (கைப்பிடி சும்மா சுத்துறது) கால் சுத்து இருந்துச்சு. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க, நட்டு மாத்தினா சரியாயிடும், பெட்டு மாத்த முடியாது.

எறக்கி வச்ச அன்னிக்கு நல்லா ஏமாந்தேன். ராட சக்குல மட்டும் புடிச்சு, மறுமுனைல சென்டர் குடுக்காம, ரெண்டு எடத்துல காலர் விட்டு மெல்லிசா ஒரு கட் எடுத்து மைக்ரோமீட்டர்ல அளந்தா 0.05 மில்லி டேப்பர் (ரெண்டு காலருக்கும் விட்ட வித்தியாசம்), வயிறு கலங்கிப் போச்சு. அப்புறம் பாத்தா கீழ ஒரு மூலைல பேக்கிங் சரியா உக்காரல, பெட்டு முறுக்கிக்கிட்டு நின்னிருக்கு. லெவல் பண்ணி திரும்ப எடுத்தா 0.01. லெவல் பண்ணாம எந்த லேத்தையும் திட்டாதீங்க.

எட்டு மாசத்துல ரொம்ப புடிச்சது கால் பிரேக்கும் கேம்லாக்கும். பழசுல த்ரெட் போட்ட ஸ்பிண்டில், ரிவர்ஸ் போட்டா சக்கு கழண்டுடுமோன்னு பயந்துட்டே வேலை செய்வோம். இதுல மூணு கேம திருப்பினா முடிஞ்சது. ஆனா இறுக்கின அப்புறம் ஒவ்வொரு கேம் கோடும் கடிகாரத்துல 3க்கும் 6க்கும் நடுவுல நிக்குதான்னு பாக்கணும், இல்லன்னா சக்குல இருக்குற கேம் ஸ்டட்ட அட்ஜஸ்ட் பண்ணணும். இன்னொரு செலவு, பழைய சக்கு எதுவும் நேரா மாட்டாது, நடுவுல மாட்டற பேக் பிளேட் வேணும். இத நான் கணக்குல சேக்கவே இல்ல, பட்ஜெட் அங்கதான் கிழிஞ்சது. கார்பைட் இன்சர்ட் போட்டு சின்ன விட்டம் கடையறதுக்கு அந்த 2500 ஸ்பீடு அருமை, ஃபினிஷ் கண்ணாடி மாதிரி, எமரி பேப்பர் வாங்கறதே கொறஞ்சு போச்சு.

கொறைன்னா ஸ்பிண்டில் ஓட்டைதான், 40க்கு மேல எதுவும் உள்ள போகாது. 50 மில்லி ராட முழு நீளமா உள்ள விட்டு வேலை பாக்குற பட்டறைன்னா இத விட்டுட்டு பெரிய ஓட்டை இருக்கறதா தேடுங்க. எங்களுக்கு அந்த மாதிரி ஜாப் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும், ரம்பத்துல அறுத்துட்டு, ராட தாங்கிப் புடிக்கிற ஸ்டெடி ரெஸ்ட் குடுத்து ஓட்டிக்கிறோம்.