வீக்கெண்ட் ட்ரிப்புக்கு ஃப்ளைட் புக் பண்ற ஸ்டூடண்ட்ஸ் கவனத்துக்கு: டிக்கெட்ல யாரோட ஈமெயில் இருக்குன்னு மொதல்ல பாருங்க

ஜெர்மனில மாஸ்டர்ஸ் பண்றவங்க, முக்கியமா இந்த செமஸ்டர் புதுசா வந்திருக்கவங்க தயவு செஞ்சு இத முழுசா படிங்க. கம்மி விலைக்கு ஃப்ளைட் காட்டுற கம்பேரிசன் சைட்ல க்ளிக் பண்ணா நிறைய நேரம் அது ஏர்லைனோட சொந்த சைட்டுக்கு போகாது, நடுவுல ஒரு புக்கிங் ஏஜெண்ட் சைட்ல கொண்டு போய் விடும். அந்த மாதிரி ஒரு ஏஜெண்டால தான் எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் ரோம் ட்ரிப் மொத்தமா போச்சு. பேர் போடல, ஏன்னா இதே வேலைய செய்யிற சைட் நிறைய இருக்கு, ஒண்ண மட்டும் சொன்னா மத்ததெல்லாம் நல்லதுன்னு நெனச்சு போய் புக் பண்ணுவீங்க.

நாங்க இருக்குறது ஆகன்ல. இங்க இருந்து பஸ் ஏறினா நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட், ட்ரெயின் ஏறினா பெல்ஜியத்துல லியேஜ், அதனால வந்த புதுசுல எல்லா சனிக்கிழமையும் பக்கத்துலயே சுத்திட்டு இருந்தோம், அதுக்கு பெருசா செலவும் ஆகல. ஆனா இத்தாலி மாதிரி தூரமா போகணும்னா ஃப்ளைட் தான். விசாவுக்காக முன்னாடியே பணம் போட்டு வெச்ச ப்ளாக்டு அக்கவுண்ட்ல இருந்து மாசம் 992 யூரோ வரும், அதுல வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் போக மிச்சம் புடிச்சு தான் இந்த மாதிரி ட்ரிப்புக்கு சேர்க்கிறோம். இத ஏன் சொல்றேன்னா, அம்பது அறுபது யூரோ தானே விட்டுடுன்னு சொல்றவங்களுக்கு அது எத்தன வாரத்து மிச்சம்னு தெரியறதில்ல.

கோல்ன் பான் ஏர்போர்ட்ல இருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோம், ஞாயித்துக்கிழமை ராத்திரி ரிட்டர்ன். ஏஜெண்ட் சைட்ல காட்டின விலை ஏர்லைன் சைட்ட விட கொஞ்சம் கம்மி. அந்த கம்மி விலையே மெம்பர் விலைன்னு செக்கவுட் பக்கத்துல தான் தெரியும், ட்ரையல் மெம்பர்ஷிப் ஃப்ரீன்னு ஏற்கனவே டிக் ஆகி இருக்கும், அந்த டிக்க எடுத்தா விலை ஏறிடும். அப்புறம் சீட்டுக்கு தனியா, கேபின் பேக்குக்கு தனியா. அதே பேக் ஏர்லைன் சைட்ல வாங்கினா எவ்வளவுன்னு பின்னாடி பாத்தோம், இங்க அத விட அதிகமா எடுத்திருக்காங்க. கடைசில கூட்டிப் பாத்தா நேரா ஏர்லைன்ல புக் பண்றத விட இது தான் ஜாஸ்தி. கன்ஃபர்மேஷன் மெயில் என் ஜிமெயிலுக்கு வந்துச்சு, பிஎன்ஆர் இருந்துச்சு, எல்லாம் சரியா தான் தெரிஞ்சுது.

ஹாஸ்டல் புக் பண்ணோம், கொலோசியம் டிக்கெட்டும் எடுத்தோம். அது 18 யூரோ, பேர் போட்ட டிக்கெட், நேரம் குறிச்ச டிக்கெட், திருப்பிக் குடுக்க முடியாது. ஈயூ (ஐரோப்பிய யூனியன்) நாட்டு பசங்களுக்கு 18ல இருந்து 25 வயசு வரைக்கும் 2 யூரோ தான், ஆனா அது பாஸ்போர்ட்ட பாத்து குடுக்கறது, நம்மகிட்ட இருக்குற ஜெர்மன் ஸ்டூடண்ட் ஐடி அங்க செல்லாது.

கிளம்பற நாள் ட்ரெயின்ல கோல்ன் போயி எஸ் 19 லோக்கல் ட்ரெயின் புடிச்சு ஏர்போர்ட் போனோம். நம்ம மாதிரி ஈயூ பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு சில பட்ஜெட் ஏர்லைன்ல செக்யூரிட்டி போறதுக்கு முன்னாடி கவுண்டர்ல டாக்குமெண்ட் செக் பண்ணி ஒரு முத்திரை வாங்கணும், அதனால பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டையும் எடுத்துட்டு கவுண்டருக்கு தான் மொதல்ல போனோம். அங்க இருந்த அம்மா சிஸ்டத்துல பாத்துட்டு, இந்த ஃப்ளைட் கேன்சலாகி மூணு வாரத்துக்கு மேல ஆச்சே, உங்களுக்கு மெயில் அனுப்பிட்டோமேன்னு சொன்னாங்க. எந்த மெயிலுக்குன்னு கேட்டோம். ஸ்க்ரீன திருப்பி காட்டினாங்க. அதுல இருந்தது என் ஈமெயில் இல்ல. நீளமா எண்ணும் எழுத்துமா, பின்னாடி அந்த ஏஜெண்ட் கம்பெனி டொமைன் போட்ட ஒரு அட்ரஸ். ஃபோன் நம்பரும் என்னோடது இல்ல.

இது தான் இந்த பதிவுல நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நீங்க ஏஜெண்ட் சைட்ல உங்க ஈமெயில் போடுறீங்க, அது ஏஜெண்ட்டோட நிக்குது. அவங்க ஏர்லைன்ல உங்க பேர்ல சீட் எடுக்கும்போது அவங்களே உருவாக்கின ஒரு மெயில் ஐடியும், அவங்களோட ஒரு வர்ச்சுவல் கார்டும் போட்டு தான் எடுக்கறாங்க. அதனால டைமிங் மாறினாலும் கேன்சல் ஆனாலும் சேதி போறது அவங்களுக்கு, ரீஃபண்ட் போறதும் அவங்க கார்டுக்கு. அங்க இருந்து உங்களுக்கு வந்தா உண்டு. எங்களுக்கு சேதியும் வரல காசும் வரல.

கவுண்டர்ல அடுத்த ஃப்ளைட்ல போடுங்கன்னு கேட்டோம். ஏஜெண்ட் மூலமா எடுத்த டிக்கெட், நீங்க அவங்ககிட்ட தான் பேசணும்னு சொல்லிட்டாங்க. இது தப்பு. ஐரோப்பிய ரெகுலேஷன் 261/2004 படி ஃப்ளைட் கேன்சல் ஆனா வேற ஃப்ளைட்டா இல்ல ரீஃபண்டான்னு தேர்ந்தெடுக்கற உரிமை பயணிக்கு, அத செய்ய வேண்டிய பொறுப்பு ஏர்லைனுக்கு, டிக்கெட்ட யார்கிட்ட வாங்கினீங்கன்றது அதுல வராது. ரீஃபண்ட்னா ஏழு நாளுக்குள்ள. உங்க உரிமை என்னன்னு எழுத்துல ஒரு தாள் குடுக்கணும்னு கூட அதுலயே இருக்கு, எங்களுக்கு யாரும் குடுக்கல. ஏஜெண்ட்டுக்கு ஃபோன் பண்ணா ப்ரீமியம் சப்போர்ட் வாங்கினவங்களுக்கு தான் லைன்னு ஒரு ரெக்கார்டிங், சாட்ல போனா சாட்பாட் சுத்தி சுத்தி அதே பக்கத்துக்கு அனுப்புது. ரூம்மேட் பெஞ்சுல உக்காந்து ஹாஸ்டலுக்கு மெயில் அடிச்சிட்டு இருந்தான், அவங்க அன்னிக்கு கேன்சல் பண்ணா முழு காசும் எடுப்போம்னு பதில் போட்டாங்க. ராத்திரி ஆகன் திரும்பிட்டோம்.

அடுத்த ரெண்டு மாசம் நடந்தது தான் இன்னும் கோவம் வர வெச்சுது. ஏஜெண்ட் சொல்றாங்க ஏர்லைன் இன்னும் ரீஃபண்ட் குடுக்கலன்னு, ஏர்லைன் சொல்றாங்க புக் பண்ண கார்டுக்கு எப்பவோ அனுப்பிட்டோம்னு. ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல வாங்கினேன். அதுக்கு நடுவுல ஏஜெண்ட்கிட்ட இருந்து ஒரு மெயில், ரீஃபண்ட ப்ராசஸ் பண்ண ஒரு ஆளுக்கு இவ்வளவு சர்வீஸ் ஃபீ, ஒத்துக்கறீங்களான்னு. கேன்சல் பண்ணது நாங்க இல்ல, எங்க காச எங்ககிட்ட குடுக்கறதுக்கு எதுக்கு ஃபீ? அந்த பட்டன அமுக்காதீங்க. அமுக்கினா நீங்களா விரும்பி கேன்சல் பண்ணதா காட்டுற மாதிரி வார்த்தை போட்டிருந்தாங்க. அதே சமயத்துல ட்ரையல் முடிஞ்சு ஒரு வருஷ மெம்பர்ஷிப்புக்கு கார்டுல காசும் எடுத்துட்டாங்க, அது டிக்கெட் விலையில பாதிக்கு மேல.

நஷ்ட ஈடு கேட்டு ஏர்லைனுக்கு எழுதினோம். 1500 கிலோமீட்டருக்குள்ள இருக்குற ஃப்ளைட்டுக்கு ஒரு ஆளுக்கு 250 யூரோ, அதுக்கு மேல தூரம் பொறுத்து 400, 600. கோல்ன்ல இருந்து ரோம் 1500க்குள்ள தான் வரும். அதுக்கு ஏர்லைன் பதில்: ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா நஷ்ட ஈடு கிடையாது, நாங்க சொல்லிட்டோம். சட்டத்துல அந்த ரெண்டு வார விதி இருக்கறது உண்மை தான், அத படிச்சுட்டு ரூம்மேட் விட்றலாம்டான்னுட்டான்.

லேப்ல ஒரு சீனியர் அண்ணா இருக்காரு, அவர்கிட்ட சும்மா புலம்பினேன். அவர் தான், டேய் தம்பி காச விட்றாத, இதே கேஸ்ல கோர்ட் தீர்ப்பு இருக்குன்னு சொன்னாரு. தேடிப் படிச்சேன். லக்ஸம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய நீதிமன்றம் 2017 மே மாசம் சொன்ன தீர்ப்பு: ஏர்லைன் ஆன்லைன் ஏஜெண்ட்டுக்கு நேரத்துல சொல்லி இருந்தாலும் ஏஜெண்ட் பயணிக்கு சொல்லலன்னா பயணிக்கு தெரியப்படுத்தினதா ஆகாது, ஏர்லைன் நஷ்ட ஈடு குடுத்தே ஆகணும். பயணிக்கு சொன்னோம்னு நிரூபிக்க வேண்டியதும் ஏர்லைன் தான், அது ரெகுலேஷன்லயே எழுதி இருக்கு. ஏர்லைனுக்கு நஷ்டம்னா அவங்க ஏஜெண்ட்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும், நம்ம அதுக்கு நடுவுல நிக்க வேண்டியதில்ல. 2018ல இன்னொரு தீர்ப்பும் இருக்கு, ரீஃபண்ட்ல ஏஜெண்ட் எடுத்த கமிஷனும் சேரணும்னு, ஏர்லைனுக்கு தெரியாம ஏஜெண்ட் வெச்ச கமிஷன் மட்டும் சேராது.

இத போட்டு மறுபடி எழுதினதுக்கு பதிலே இல்ல. ஜெர்மனில பயணம் சம்பந்தமான தகராறுக்கு ஷ்லிக்டுங்ஸ்ஷ்டெல்ல ரைஸெ உண்ட் ஃபெர்கேர்னு ஒரு சமரச அமைப்பு இருக்கு, நமக்கு ஃப்ரீ. மொதல்ல ஏர்லைனுக்கு கம்ப்ளைண்ட் போட்டிருக்கணும், ரெண்டு மாசம் ஆகியும் பதில் இல்லன்னாலோ பதில்ல திருப்தி இல்லன்னாலோ அங்க போடலாம். ஆன்லைன்லயே ஃபார்ம், கூடவே எல்லா மெயிலும் சேர்த்தோம். கவுண்டர்ல அந்த ஸ்க்ரீன்ல இருந்த ஈமெயில அந்த அம்மாகிட்ட கேட்டு ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து வாங்கி இருந்தோம், அது தான் எங்க கேஸ நிக்க வெச்சுது. அத வெச்சு தான் எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 250 யூரோ வந்துச்சு. டிக்கெட் காசுக்கு பேங்க்ல கார்டு டிஸ்ப்யூட் (கார்டுல போன காச திருப்பி கேக்கற புகார்) போட்டோம், கேன்சல்னு ஏர்லைன் எழுதிக் குடுத்த மெயில இணைச்சோம், அது திரும்ப வந்துச்சு. கார்டுல இதுக்கு பொதுவா 120 நாள் கெடு, ஏஜெண்ட் வெயிட் பண்ணுங்க வெயிட் பண்ணுங்கன்னு இழுக்கறது அந்த கெடு தாண்டட்டும்னு தான்னு நான் நம்பறேன், அதனால அவங்க சொல்ற தேதிக்காக காத்திருக்காதீங்க.

மெம்பர்ஷிப் விஷயத்துல ஒண்ணு. ஜெர்மனில கஸ்டமருக்கு ஆன்லைன்ல சந்தா விக்கற சைட்ல கேன்சல் பட்டன் இருக்கணும்னு 2022 ஜூலைல இருந்து சட்டம், ஃபெர்ட்ரேகெ ஹியர் க்யுண்டிகென்னு (ஒப்பந்தத்த இங்க ரத்து பண்ணுங்கன்னு அர்த்தம்) எழுதி இருக்கும், லாகின் பண்ணாமயே அழுத்த முடியணும். இவங்க சைட்ல அது கீழ கண்ணுக்கே தெரியாத சின்ன எழுத்துல இருந்துச்சு. அழுத்தின உடனே வர்ற கன்ஃபர்மேஷன சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

கம்பேரிசன் சைட்ட யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லல. எந்த ஏர்லைன் எந்த நாள்ல பறக்குதுன்னு பாக்க அது நல்லது தான், பாத்துட்டு ஏர்லைனோட சொந்த சைட்ல போயி உங்க மெயில், உங்க நம்பர், உங்க கார்டு போட்டு எடுங்க. அஞ்சு யூரோ அதிகமானாலும் பரவால்ல. ஏற்கனவே ஏஜெண்ட்ல எடுத்தாச்சுன்னா இன்னிக்கே ஏர்லைன் சைட்ல பிஎன்ஆர், கடைசி பேர் போட்டு உள்ள போயி காண்டாக்ட் ஈமெயில் என்னன்னு பாருங்க, மாத்த விட்டா மாத்துங்க. சில ஏர்லைன் ஏஜெண்ட் புக்கிங்ன்னு கண்டுபுடிச்சா முகம் காட்டி வெரிஃபை பண்ண சொல்லும், அத கிளம்பற அன்னிக்கு வெக்காம முன்னாடியே முடிச்சிடுங்க. மாத்த விடலன்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ நீங்களே போயி ஃப்ளைட் இருக்கான்னு பாக்கறத தவிர வேற வழி இல்ல. மழை, புயல், கண்ட்ரோல் டவர் ஸ்ட்ரைக் மாதிரி காரணத்துக்கு கேன்சல் ஆனா அந்த 250 வராது, ஆனா ரீஃபண்டோ வேற ஃப்ளைட்டோ அப்பவும் உண்டு, ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டா சாப்பாடு, ராத்திரி தங்கணும்னா ரூமும் அவங்க தான் குடுக்கணும். குடுக்கலன்னா பில்ல வெச்சுக்கோங்க.

சீட்டுக்கும் பேக்குக்கும் ஏஜெண்ட் எடுத்த காசு, மெம்பர்ஷிப் காசு இன்னும் வரல. அந்த கம்பெனி வேற ஒரு ஈயூ நாட்டுல பதிவானது, அதனால ஜெர்மனில கேல்ன்ற (Kehl) ஊர்ல இருக்குற ஐரோப்பிய நுகர்வோர் மையத்துல கம்ப்ளைண்ட் குடுத்திருக்கோம், இப்படி ரெண்டு நாட்டுக்கு நடுவுல வர்ற பிரச்சனைய அவங்க காசு வாங்காம பாக்கறாங்க. ஏர்லைனுக்கு நாங்க அனுப்பின லெட்டர் ஜெர்மன்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, அந்த 2017 தீர்ப்போட கேஸ் நம்பரும் அதுல போட்டிருக்கோம். இதே மாதிரி மாட்டி நிக்கிற யாரா இருந்தாலும் கேளுங்க, பேர், தேதிய மட்டும் மாத்தி அப்படியே அனுப்பலாம்.